பொறுமையின் அளவு: தமீமுல் அன்சாரி கதையை முன்வைத்து

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கோவளத்தில், தமீமுல் அன்சாரி (ரலி) பெயரால் வழங்கும் தர்கா உள்ளது. அங்கு அடக்கமாகியிருப்பவர் ஒரு நபித்தோழர் என்பதும், அவருடைய உடலைத் தாங்கிய பேழை கடல்வழியே இக்கரையை அடைந்தது என்பதும் மக்களின் நம்பிக்கை. தமீமுத் தாரீ (ரலி) அவர்களின் இறுதிக் காலம் பாலஸ்தீனத்தில் கழிந்தது என்பது வரலாற்று நூல்களின் கூற்று. இவ்விரண்டையும் மோதவிட்டு ஒருவரையொருவர் வெல்வதிலேயே நம்மவர்களின் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் செலவாகிவிட்டன. அவ்வழக்கில் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பெயரைச் சுற்றி வளர்ந்த கதை மனிதர்க்கு எதை விழுமியமாகக் கற்பிக்கிறது, அக்கற்பிதம் எந்த அளவுக்குச் சரி என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

கதை நீண்ட பயணம் செய்திருக்கிறது. மலாயில் ஹிகாயத்தாகவும், உருதுவில் கிஸ்ஸாவாகவும் அது வழங்கியது. ஸ்பெயினில் ஒடுக்கப்பட்டு வாழ்ந்த முஸ்லிம்கள் அரபு எழுத்தில் ஸ்பானிய மொழியை எழுதிவைத்த ஏடுகளிலும் இடம்பெற்றது. வடிவங்கள் பல, நடுத்தண்டு ஒன்று. இரவில் குளிக்கச் சென்ற தமீமை ஜின் தூக்கிச் செல்கிறது. அவர் ஆண்டுக்கணக்கில் அறியாத கடல்களிலும் தீவுகளிலும் அலைந்து அதிசயங்களைக் காண்கிறார். மதீனாவில் மனைவி கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டு, காத்திருந்து, அனுமதி பெற்று மறுமணம் செய்கிறாள். அப்போது தமீம் அடையாளம் தெரியாத கோலத்தில் திரும்பி வருகிறார். அலீ (ரலி) அவர்கள் அவரை இனங்காண, மனைவி முதற்கணவரிடமே சேர்க்கப்படுகிறாள்.

இக்கதையில் இரண்டு வேறுபட்ட செய்திகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன என்பது எம் கணிப்பு. முதலாவது, ஸஹீஹ் முஸ்லிமில் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) வாயிலாக வரும் அறிவிப்பு. லக்ம், ஜுதாம் கோத்திரத்தார் முப்பது பேருடன் கப்பலேறிய தமீமுத் தாரீயை அலைகள் ஒரு மாதம் அலைக்கழித்து ஒரு தீவில் சேர்த்தன. அங்கே அவர் தஜ்ஜாலைக் கண்டார். அவர் சொன்னதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். இரண்டாவது, உமர் (ரலி) காலத்து அறிவிப்பு. இஷாத் தொழுகைக்குப் புறப்பட்ட அன்சாரி ஒருவரை ஜின்கள் சிறைபிடித்துச் சென்றன. பின்னர் முஸ்லிம் ஜின்கள் அவரை மீட்டன. இவருக்கு அதில் பெயரில்லை. தமீமுத் தாரீயோ பாலஸ்தீனப் பகுதியிலிருந்து வந்து ஹிஜ்ரீ 9இல் இஸ்லாத்தைத் தழுவியவர். மதீனத்து அன்சாரிகளில் சேராதவர். ஒரு செய்தியின் பெயரும் மற்றதன் குலமும் கூடியே ‘தமீமுல் அன்சாரி’ பிறந்திருக்க வேண்டும். மக்கள் கற்பனையின் இந்தத் தையல் வேலையை இகழ வேண்டியதில்லை. ஆனால் தைக்கும்போது வெட்டுண்டு போனது எது என்று கேட்டாக வேண்டும்.

வெட்டுண்டு போனது அந்தப் பெண்ணின் வழக்கு. கிஸ்ஸாவுக்குக் கடலும் தீவும் தஜ்ஜாலும் வேண்டியிருந்தன. அவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. மனைவியின் ஆண்டுகள் சில வரிகளில் முடிகின்றன. கேட்போர் மனத்தில் தங்குவது கணவரின் ஸப்ரு. அவள் வாழ்வு அப்பொறுமைக்குக் கிடைத்த பரிசாகிவிடுகிறது. மூல அறிவிப்பின் முதன்மையான செய்தியோ வேறு. ஒரு பெண் ஆட்சியாளரிடம் வந்து, என் நிலை என்ன என்று கேட்டாள். ஆட்சியாளர் அதற்கு எல்லை வகுத்தார்: நான்கு ஆண்டு காத்திருப்பு, அதன்பின் இத்தா, அதன்பின் அவள் விரும்பினால் மணம்.

எல்லை வகுப்பது எளிதாக இருக்கவில்லை. அவள் சோதனைக்குள்ளானவள், உறுதியான செய்தி வரும்வரை பொறுத்திருக்கட்டும் என்ற கருத்து அலீ (ரலி) பெயரால் பதிவாகியுள்ளது. ஹனஃபீ மத்ஹபினர் கணவரின் வயதொத்தோர் இறக்கும்வரை என்றனர். அவர்களில் சிலர் அதற்குத் தொண்ணூறு வயது என்று கணக்கிட்டனர். இமாம் ஷாஃபிஈ முதலில் நான்காண்டு என்றும், பிந்திய கருத்தில் மரணம் உறுதியாகும்வரை என்றும் கூறினார். திரும்பி வந்த கணவருக்கு, மனைவியா மஹரா என்று தெரிவு செய்யும் உரிமையை உமர் (ரலி) அளித்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. ஆனால் அவர் அப்படிச் சொன்னார் என்பதை மதீனத்தார் மறுத்ததைத் தாம் கண்டதாக இமாம் மாலிக் முவத்தாவில் பதிவு செய்கிறார். இத்தா முடிந்து அவள் மணந்துவிட்டால் முதற்கணவருக்கு உரிமையில்லை என்பதே அவர் நிலை. ஆகவே மனைவியைத் திருப்பியளிக்கும் கிஸ்ஸாவின் முடிவைக் கருத்து வேறுபாடற்ற நீதி என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. இமாம் மாலிக் எழுதிய நீதியில் அந்த முடிவுக்கு இடமே இல்லை.

1930களின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ, தாம் ஹனஃபீயாக இருந்தும், ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’வில் மாலிகீ தீர்வை ஏற்றார். கைவிடப்பட்ட பெண்கள் மணத்தளையிலிருந்து விடுபட மதம் மாறவும் துணிந்த காலம் அது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்த நான்காண்டை முதற்காரணமாகவே ஏற்றுக்கொண்டது. இந்து திருமணச் சட்டம் (1955) கேட்பது ஏழாண்டு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மரணத்தை ஊகிக்க 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கேட்ட ஏழாண்டு, 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

கோவளம் மீனவர் ஊர். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் கணக்கு அக்கரைக்கு நன்கு தெரியும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின் குமரிக் கரையும் அதை ஊர் ஊராக அறிந்தது. அயல்நாடு சென்று ஓசையின்றிப் போன கணவருக்காகக் காத்திருக்கும் பெண்ணிடம், ஸப்ரு செய் என்று சொல்லி அனுப்பிவிடும் ஜமாஅத்துகளும் இருக்கின்றன. அவர்கள் அறிந்தோ அறியாமலோ கிஸ்ஸாவின் நீதியைப் பேசுகிறார்கள். உமர் (ரலி) அவர்களோ, படைவீரரின் மனைவி எத்தனை மாதம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, வீரர்கள் வெளியில் தங்கும் காலத்துக்கு வரையறை செய்தவர்.

கிஸ்ஸாவுக்கும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, திரும்பி வந்தவரிடம் கேட்கப்படும் கேள்வியில் துலங்குகிறது. கிஸ்ஸா கேட்பது ஒன்றே: இவர் தமீம்தானா? இனங்கண்டவுடன் வழக்கு முடிகிறது. சட்டத்தின்படி, காணாமற்போனவர் மீதான தீர்ப்பு ஆறு மாதத்துக்குப் பின்னரே செயலுக்கு வரும். அதற்குள் அவர் தோன்றினால், தாம் இன்னார் என்று காட்டுவது மட்டும் போதாது. கணவருக்குரிய கடமைகளை நிறைவேற்ற ஆயத்தமாக இருப்பதாக நீதிமன்றத்தை ஏற்கச் செய்ய வேண்டும்.