கடிவாளக்காரனுக்குப் பெயர் உண்டு, வண்டிக்காரிக்கு இல்லை

இவான் கிராம்ஸ்கோய் 1883-ல் வரைந்த 'அறியப்படாத பெண்' என்ற ரஷ்ய தைல ஓவியத்தைப் பலரும் முதலில் பார்ப்பது 'அன்னா கரேனினா' நாவலின் அட்டையில்தான். திறந்த குதிரை வண்டியில் ஒரு பெண். தொப்பியில் வெள்ளை இறகு, ஃபர் வைத்த மேலங்கி, சாட்டின் நாடா, தோல் கையுறை, தங்க வளையல். பின்னால் பனிமூட்டத்தில் பீட்டர்ஸ்பர்க்கின் அனிச்கோவ் அரண்மனை மங்கலாகத் தெரிகிறது.

அட்டைக்குப் பொருத்தமான படம்தான். 1873-ல் டால்ஸ்டாயை நேரில் உட்காரவைத்து வரைந்தவரும் இதே கிராம்ஸ்கோய்தான். ஆனாலும் இவளை அன்னா என்று அழைப்பது படத்தின் முக்கியமான வேலையைக் கெடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

அதே 1883-ல் அவர் வரைந்த இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் கடிவாளம் தொங்க, கம்பை ஊன்றி நிற்கும் ஒரு கிழ விவசாயி. அவர் பெயர் மீனா மொய்சேயெவ், படத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கம் இதற்கு நேர் எதிர். சீமாட்டிக்குப் பெயர் இருக்கும், விவசாயி வெறும் 'விவசாயி'. கிராம்ஸ்கோய் அதைத் தலைகீழாக்குகிறார்.

பெயர் இல்லாவிட்டால் நாம் என்ன செய்வோம்? உடையைப் பார்ப்போம். 1883-ல் பார்த்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். புது பேஷன் அத்தனையையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு, துணைக்கு ஆளில்லாமல் திறந்த வண்டியில் வருகிறாளா? அப்போ இவள் குடும்பப் பெண் இல்லை, யாரோ பணக்காரர் வைத்திருக்கும் பெண் அப்படின்னு பலர் முடிவுகட்டினார்கள். கிராம்ஸ்கோயின் படங்களைத் தேடி வாங்கிய பாவெல் திரெத்தியாகோவ் இதை வாங்கவில்லை. அவர் பெயரில் உள்ள மாஸ்கோ காட்சியகத்துக்கு இது வந்து சேர்ந்தது 1925-ல்தான்.

சரி, படம் இந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்கிறதா? இல்லை. நாம் தெருவில் நிற்கிறோம், அவள் வண்டியின் உயரத்திலிருந்து பாதி தாழ்ந்த இமைகளோடு நம்மைப் பார்க்கிறாள். திமிர் என்று சொல்லலாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தா, ஏற்கெனவே நிறையப் பேச்சு கேட்டவளின் எச்சரிக்கை மாதிரியும் தெரியும். ஃபரின் ஒவ்வொரு மயிரையும் காட்டும் தூரிகை, ஆளைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. யதார்த்தவாதம் என்றால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

கந்தல் உடுத்தவரிடம் இரக்கம் காட்டுவது முற்போக்கு ரசிகருக்குச் சுலபம். பட்டு உடுத்திய பெண்ணிடம் அதே நியாயத்தைக் காட்டுவோமா என்பதுதான் கிராம்ஸ்கோய் வைக்கும் சோதனை. அவளுக்கு அன்னா என்று பெயர் வைத்த உடனே, கதையும் முடிவும் தெரிந்துபோய் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். படமோ அந்த நிம்மதியைத் தரவே கூடாது என்று வரையப்பட்டது.