காதில் விழும் நடிப்பு

தமிழில் சினிமா நடிப்பைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சிவாஜியின் கண்ணசைவுக்கு ஒரு கட்டுரை, நாகேஷின் நடைக்கு ஒரு கட்டுரை என்று தேடிப் படிக்கலாம். சீரியல் நடிப்புக்கு அப்படி ஒன்றும் இல்லை. சின்னத்திரைப் பக்கம் என்றால் யார் விலகினார், யார் வந்தார், டி.ஆர்.பி. எவ்வளவு என்பதோடு பத்திரிகைகள் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் அந்த நடிப்பை நாள் தவறாமல் அலசிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் பட்டாபிராம், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஏறும் பெண்கள் காலை நேரத்து லேடீஸ் பெட்டியில் நடத்தும் பேச்சை விமர்சனம் என்றே சொல்வேன். அதற்கு ஒரு முறையும் இருக்கிறது. முதலில் குரல், பிறகு பேச்சு வழக்கு, அப்புறம்தான் முகம்.

இந்த வரிசை ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க எந்த வீட்டிலும் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் போதும். டி.வி. ஹாலில் இருக்கும், பார்க்க வேண்டியவர் அடுப்படியில் இருப்பார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுச் சப்பாத்தி தேய்க்கிறவருக்கு யார் அழுகிறார், யார் பொய் அழுகை அழுகிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். பின்னணி இசை உயர்ந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பார். சீரியல்களில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறார்களே என்று குறைபடுகிறவர்கள் இந்த அடுப்படியை மறந்துவிடுகிறார்கள்.

சென்னை மேற்குப் புறநகரின் காது கூர்மையாக இருப்பதற்கு ஊரின் வரலாறும் காரணம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வேலைக்கு ஆள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள், பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். கொரட்டூரில் ஒரே தெருவில் திருநெல்வேலிக்காரரும் திருவண்ணாமலைக்காரரும் குடியிருப்பார்கள். பாதுகாப்புத் துறைக் குடியிருப்பில் மலையாளமும் தெலுங்கும் சகஜம். நடிகர் ஒருவர் வாக்கியத்துக்கு ஒரு 'ஏலே' போட்டு நெல்லைப் பேச்சு என்று தள்ளிவிட்டால், அது தப்பு என்று சொல்ல அடுத்த வீட்டிலேயே ஆள் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது இந்தப் பேச்சுக்கெல்லாம் இடமில்லை. தூர்தர்ஷன் நாடகங்களுக்கு நடிகர்கள் பெரும்பாலும் சபா மேடைகளிலிருந்து வந்தார்கள், மயிலாப்பூர், தி.நகர் வீட்டுப் பேச்சும் கூடவே வந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்தது. 1999இல் ராதிகாவின் 'சித்தி'யும் 2002இல் திருமுருகனின் 'மெட்டி ஒலி'யும் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்தின் பேச்சு தினசரி ஒலியாயிற்று. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் பேசியதில் ஒரு வார்த்தைகூட மேடைக்கானதாக இல்லை. கல்யாணச் செலவுக் கணக்கை ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற அப்பாவின் குரல் அது. அதன் பின் சீரியல்கள் ஊர் தேடிப் போயின. 'நாதஸ்வரம்' காரைக்குடிக்கும், 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' குன்றக்குடிக்கும் கதையைக் கொண்டுபோயின. 'நாதஸ்வர'த்தின் ஆயிரமாவது பகுதி 2014 மார்ச் 5இல் நேரலையாக ஒளிபரப்பாகிக் கின்னஸில் இடம்பெற்றது. டப்பிங்குக்கு வழியே இல்லாத நாள் அது. எல்லாரும் சொந்த மூச்சில் பேச வேண்டியிருந்தது.

டப்பிங் என்பது இந்தப் பேச்சில் பெரிய பகுதி. கதாநாயகிகளில் பலர் வெளிமாநிலத்தவர். 'சரவணன் மீனாட்சி'யின் ரச்சிதா மகாலட்சுமி, 'பாக்கியலட்சுமி'யின் சுசித்ரா, 'கயல்' சைத்ரா ரெட்டி மூவரும் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்கிற ஏற்பாட்டை ரசிகைகள் சினிமாக் காலத்திலிருந்தே ஏற்றுக்கொண்டவர்கள். அதில் அவர்களுக்குப் புகார் இல்லை. ஆறு மணி சீரியலில் மருமகளாக அழுத அதே குரல் ஒன்பது மணிக்கு இன்னொரு வீட்டில் வில்லியாகச் சிரித்தால்தான் பிடிபட்டுப்போகிறது. தீபா வெங்கட்டை 'கோலங்கள்' சீரியலில் முகத்தோடு பார்த்துப் பழகியவர்கள், 2013இல் 'ராஜா ராணி' படத்தில் நயன்தாராவின் வாயிலிருந்து அவர் குரல் வந்ததும் தியேட்டரிலேயே அடையாளம் கண்டார்கள். பின்னணிக் குரல் கலைஞரின் பெயரைத் தெரியாமலே அவரது தொழிலை மதிப்பிடத் தெரிந்த ரசிகர்கள் இவர்கள். அந்தப் பெயர்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டினால் என்ன என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இந்தியிலிருந்து டப் ஆகி வந்தவற்றை ('சிந்து பைரவி', 'என் கணவன் என் தோழன்', விஜய் டி.வி.யின் 'மகாபாரதம்') விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவற்றில் வட்டார வழக்கு என்ற பேச்சே எழவில்லை. எல்லாரும் ஒரே சீரான தமிழ் பேசினார்கள். அதனால் அலசலும் கதையோடு நின்றுவிட்டது.

நடிகர் மாறும்போதுதான் விமர்சனம் உச்சத்துக்குப் போகும். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி வரும்; மறுநாள் முழுக்க அதுதான் பேச்சு. பூந்தமல்லியை ஒட்டிய ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் படப்பிடிப்புக்கு வந்துபோய்க்கொண்டிருந்த வி.ஜே. சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தபோது, 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாகக் காவ்யா அறிவுமணி வந்தார். புதியவர் நன்றாக நடித்தாரா என்ற கேள்விக்குப் போகவே பலருக்கு மனம் வரவில்லை. முல்லையின் சிரிப்புச் சத்தம் போய்விட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

இந்தக் காது விமர்சனம் முழு வலுவோடு வெளிப்பட்டது 'எதிர்நீச்சல்' விஷயத்தில். திருச்செல்வம் இயக்கிய அந்தச் சீரியல் 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் தொடங்கியது. ஆதி குணசேகரனாக வந்தவர் மாரிமுத்து. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்துக்காரர், 'கண்ணும் கண்ணும்' படத்தை இயக்கியவர், 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோவின் அப்பா. பெண்களை அடக்கி வைக்கிற ஓர் ஆளை, அந்தப் பெண்களே காத்திருந்து பார்க்கும்படி செய்தார். 'ஏய்... இந்தாம்மா' என்று அவர் கூப்பிட்டால் முதல் சொல்லில் அதட்டல் இருக்கும், இரண்டாவது சொல்லில் ஓர் இழுப்பு வந்து அதட்டலை வீட்டுப் பேச்சாக்கிவிடும். ஆபத்தே அங்கேதான். வெளியாள் அதட்டினால் எதிர்த்து நிற்கலாம். 'அம்மா' போட்டு அதட்டுகிறவரோடு ஒரே வீட்டில்தான் சாப்பிட வேண்டும். எத்தனை பெண்கள் தங்கள் மாமனாரையும் மூத்தாரையும் அந்த இழுப்பில் கேட்டார்கள் என்பதை ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். "எங்க பெரியவரு அப்படியே இதே மாதிரிதான், கோபப்பட்டாலும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுவாரு" என்று ஒருவர் சொன்னால் எதிர் சீட்டில் தலையாட்டல் கிடைக்கும்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்தது. அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் வேல ராமமூர்த்தி. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழிக்காரர், 'குற்றப் பரம்பரை' எழுதியவர், 'கிடாரி' போன்ற படங்களில் மிரட்டியவர். இருவரும் தெற்கத்திக்காரர்கள்தானே, வழக்கு ஒத்துப்போகும் என்று வெளியிலிருந்து தோன்றும். ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பிரித்துக் காட்டிய வித்தியாசம் நுட்பமானது. மாரிமுத்து பேசும்போது வாக்கியத்தின் முடிவு கீழே இறங்கி நையாண்டியாகும். வேல ராமமூர்த்தியின் பேச்சில் முடிவு கல்லாக நிற்கும். முன்னவர் வீட்டுக்குள் இருக்கிற சர்வாதிகாரி, பின்னவர் ஊருக்கு நடுவே நிற்கிற ஆள். கம்பீரம் கூடியது, நையாண்டி குறைந்தது. இதில் வேல ராமமூர்த்தியின் நடிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் குரலுக்கென்று எழுதப்பட்ட பாத்திரத்தில் அவர் வேறு உயரத்துக்குப் போவார். ஒரு பாத்திரம் ஒரு தொண்டைக்குள் குடியேறிவிட்டால் பிறகு இடம் மாற்றுவது கடினம் என்பதைப் பார்வையாளர்கள் நிரூபித்தார்கள். மூன்றரை மாவட்டத்து வழக்குகளை ஒரே 'மதுரை ஸ்லாங்'காகக் கொட்டி வைக்கிற வசனகர்த்தாக்கள் இந்த வாதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

வசனமே எழுதித்தராத இடத்தில் இந்தக் காது என்ன செய்கிறது என்பதற்கும் பூந்தமல்லிப் பக்கமே சாட்சி. பிக் பாஸ் வீடு இருப்பது ஈ.வி.பி.யில்தான். 2017இல் முதல் சீசனில் திருச்சூர்க்காரரான ஓவியா 'நீங்க ஷட் அப் பண்ணுங்க' என்று சொன்ன தமிழைத் தப்பு என்று யாரும் திருத்தவில்லை. மரியாதை கெடாமல் வாயை மூடச் சொல்லும் அந்த அமைப்பை ஊரே எடுத்துக்கொண்டது. 2019இல் மூன்றாவது சீசனில் இலங்கையிலிருந்து லாஸ்லியாவும் தர்ஷனும் மலேசியாவிலிருந்து முகேனும் வந்தார்கள், முகேன் வென்றார். நிகழ்ச்சியை நடத்தியவர் கமல். 2000இல் 'தெனாலி'க்காக யாழ்ப்பாணத் தமிழைப் பயின்று பேசி நடித்தவரின் எதிரில், அந்த மண்ணின் பேச்சு இயல்பாகவே வந்து உட்கார்ந்தது. 'தெனாலி'யில் சிரிப்புக்குப் பழகிய பேச்சை நூறு நாள் கோபமாகவும் காதலாகவும் அழுகையாகவும் கேட்ட பிறகு அதைக் கேட்டுச் சிரிப்பதை இங்கே நிறுத்திவிட்டார்கள். ஒரு நிகழ்ச்சி இதைச் செய்தது சின்ன காரியம் இல்லை. உடன்குடி ஜி.பி. முத்து 2022இல் வந்து இரண்டு வாரத்தில் கிளம்பிப் போனார். தூத்துக்குடிக்காரர்கள் நிறைந்த அம்பத்தூர் பலசரக்குக் கடைகளில் அந்த இரண்டு வாரமும் டி.வி. சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

இத்தனை ஊர்ப் பேச்சுக்கும் நியாயம் கேட்கிறவர்களுக்குச் சொந்த ஊர்ப் பேச்சில் ஒரு மனக்குறை உண்டு. சென்னைத் தமிழ் சீரியலில் வந்தால் பேசுகிறவர் ரவுடியாக இருப்பார், இல்லை வேலைக்கார அம்மாவாக, இல்லை சிரிப்புக்கு வருகிறவராக இருப்பார். திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்து வங்கியில் வேலை பார்க்கிற பெண் வீட்டில் பேசுகிற பேச்சு எந்தக் கதாநாயகிக்கும் கிடைத்ததில்லை. 2023இல் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை'யில் வெற்றி வசந்த் நடிக்கும் முத்து கார் ஓட்டுகிறவன், குடிப்பவன், வாய்த் துடுக்குக்காரன், ஆனாலும் கதாநாயகன். சவாரி முடிந்து ஸ்டாண்டில் நின்று பேசுகிற டிரைவர்களின் வேகமும் வெட்டும் அவன் பேச்சில் இருக்கின்றன என்பதால் இந்தப் பக்கத்து ஆண்களும் அந்தச் சீரியலைப் பார்க்கிறதை ஒளித்துக்கொள்வதில்லை. பூக்கட்டி விற்கிற குடும்பத்துப் பெண்ணான மீனாவாகக் கோமதி ப்ரியா வருகிறார். மீனா ஏன் முத்துவைப் போலப் பேசுவதில்லை, பூக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு மட்டும் ஏன் இத்தனை அடக்கமான தமிழ் என்ற கேள்வியை லேடீஸ் பெட்டியில் கேட்கிறார்கள். எழுதுகிறவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.