பன்னிரண்டடி, ஒன்பதடி, ஏழடி

ஜல்லிக்கட்டு தை முதல் நாள் அவனியாபுரத்தில், மறுநாள் பாலமேட்டில், மூன்றாம் நாள் எங்கள் அலங்காநல்லூரில். மாடு வளர்க்கிறவர்கள் எந்தக் காளையை எங்கே அவிழ்க்கலாம் என்று பேச உட்கார்ந்தால், பேச்சு முதலில் களத்தைச் சுற்றித்தான் போகும். வாடியைத் தாண்டியதும் முன்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது? ஓடிப் போகிற மாட்டுக்கு ஏற்ற களமா, நின்று விளையாடுகிற மாட்டுக்கு ஏற்ற களமா? 2024 ஜனவரியில் பக்கத்துக் கீழக்கரையில் புதிய அரங்கம் திறந்தபோதும் டீக்கடைகளில் நான் கேட்டது இதே பேச்சுதான். ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில் பழகிய கண், அந்த அகலமான களத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தது. காளை அதேதான், பிடிக்கிறவனும் அவனேதான். ஆனாலும் இடம் மாறினால் ஆட்டம் மாறும் என்பதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் மேசைகளைப் பார்க்கத் தொடங்கினேன். மதுரையில் ஒரு பார்லருக்குள் நுழைந்தபோது ஒரு பக்கம் பன்னிரண்டடி நீளத்தில் பெரிய மேசை, இன்னொரு பக்கம் சின்ன மேசைகள். சின்ன மேசையைச் சுற்றிக் கூட்டம். பெரிய மேசையில் இரண்டே பேர், அதிகம் பேசாமல். ‘பெரியது கஷ்டம், சின்னது சுலபம்’ என்றார் பக்கத்தில் நின்றவர். பல மாலைகள் நின்று பார்த்த பிறகு, அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை என்று தெரிந்துகொண்டேன். மீதிப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெரிய மேசை. அதன் ஆட்டமான ஸ்நூக்கர் நம் நீலகிரி மலையில் வடிவம் பெற்றது என்பதால் அதற்கு முதல் மரியாதை. 1875-இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகளில் ஒருவரான நெவில் சேம்பர்லின், பதினைந்து சிவப்புப் பந்துகளோடு பிற நிறப் பந்துகளையும் சேர்த்து ஒரு புது ஆட்டம் ஆடிப் பார்த்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். புது ஆட்டத்தின் விதிகள் ஒழுங்குபட்டு, எழுதி மாட்டப்பட்டது 1880-களில் ஊட்டி கிளப்பில். ஸ்நூக்கர் என்ற பெயர், ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக அழைக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேசையின் படுகை ஸ்லேட் கல். முழு அளவு மேசைக்கு ஐந்து பலகைகளைச் சேர்த்துப் பொருத்துவார்கள். மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908-இல்தான். அதற்கு முந்தைய காலத்தில் மேலே போன எந்தப் பாரமும் மலைப்பாதையில் ஏறிப் போனதுதான். அந்தக் கற்பலகைகள் வண்டியில் ஏறிய காட்சியை நினைக்கும்போதெல்லாம், முன்னால் நுகத்தடியில் நிற்கும் மாடுகள்தான் எனக்கு முதலில் தெரிகின்றன.

பன்னிரண்டடி மேசையில் பந்து ஓடும் பரப்பு 3.569 மீட்டர் நீளம், 1.778 மீட்டர் அகலம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர். இந்த நீளம் ஆடுகிறவனை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அடித்த பந்து, போக வேண்டிய திசையிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில் அந்தப் பிசகு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர், பாக்கெட் மன்னித்துவிடும். மூன்று மீட்டர் தூரத்தில் அதே பிசகு ஐந்தேகால் சென்டிமீட்டர். ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு டிகிரி தவறினால் ஒரு முழுப் பந்து அகலம் தவறிவிடுகிறது. பாக்கெட்டின் வாய் மூன்றரை அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஒன்றரைப் பந்துக்குச் சற்றே அதிகம். அந்த வாயின் ஓரங்களும் உருண்டை. மேசை ஓரத்துக் குஷனை ஒட்டி வேகமாக வந்த பந்து அந்த உருண்டையில் பட்டுத் துள்ளி வெளியே வந்துவிடும்.

இதனால் பெரிய மேசையின் ஆட்டக்காரருக்கு உடம்பே கருவியாகிறது. தாடை கியூ கோலை உரசும் அளவுக்குக் குனிந்து, பின்கை ஊசலைப் போல நேர்கோட்டில் போய் வர வேண்டும். தோள் அசைந்தால் போச்சு. மேசை விரிப்பின் இழை ஒரு திசையில் படிந்திருக்கும். மெதுவாகப் போகிற பந்தை அது கொஞ்சம் இழுக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டத்தை வென்றது இந்தப் பன்னிரண்டடிப் பரப்பில்தான். நீளமான அடிக்கு அவரைப் போன்றவர்கள் குனியும்போது, அடிப்பதற்கு முந்தைய அந்த ஒரு நொடி அசையாமையைப் பாருங்கள். பெரிய மேசையின் அழகு மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

அடுத்தது அமெரிக்க வகை மேசை. எயிட்பால், நைன்பால் ஆடுகிற மேசை. இதில் மூன்று அளவு: ஒன்பதடி, எட்டடி, ஏழடி. எல்லாமே நீளத்தில் பாதி அகலம். ஒன்பதடியில் பந்து ஓடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50; எட்டடியில் 88-க்கு 44; ஏழடியில் சுமார் 78-க்கு 39. ஆனால் மூன்றிலும் பந்து ஒன்றே: 57.15 மில்லிமீட்டர், ஸ்நூக்கர் பந்தைவிடப் பெரியது. மேசை சுருங்குகிறது, பந்து சுருங்குவதில்லை. சூட்சுமம் முழுக்க இங்கேதான்.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒவ்வொரு மேசையையும் ஓர் ஏக்கர் நிலமாக நினைத்துக்கொள்ளுங்கள், நூறு செண்ட். ஆட்டம் தொடங்கும்போது பந்துகள் எத்தனை செண்டை அடைத்துக்கொள்கின்றன? பன்னிரண்டடியில் 22 பந்துகள் இருந்தும் முக்கால் செண்ட்தான். ஒன்பதடியில் 16 பந்துகள் ஒன்றேகால் செண்ட். எட்டடியில் ஒன்றரைக்குச் சற்று மேல். ஏழடியில் இரண்டு செண்ட். ஏழடி மேசை பன்னிரண்டடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நெரிசலானது. நெரிசலில் நேர்பார்வை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பந்து பக்கத்திலேயே இருக்கிறது, பாக்கெட்டும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நடுவில் இன்னொரு பந்து நிற்கிறது. வெள்ளைப் பந்து நான்கு அங்குலம் அதிகமாக உருண்டால் எதிலாவது முட்டிக்கொள்ளும். ஒட்டிக் கிடக்கும் இரண்டு பந்துகளை எந்த அடியில் பிரிப்பது என்று முதல் அடிக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பெரிய மேசை கையைச் சோதிக்கிறது; சின்ன மேசை திட்டத்தைச் சோதிக்கிறது.

யார் எதை விரும்புகிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும். தொழில்முறை நைன்பால் ஆட்டக்காரர்களுக்கு ஒன்பதடிதான் வீடு. அதில் மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய இரண்டு பந்து அகலம், நாலரை அங்குலத்தை ஒட்டி. இடம் இருப்பதால் வெள்ளைப் பந்தை மூன்று குஷன் தொட வைத்து வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரும் ஆசை தீரும். ஸ்நூக்கரில் ஆறு முறை உலக சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ் இந்த மேசைக்கு வந்து, மோஸ்கோனி கோப்பையில் ஐரோப்பிய அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். பன்னிரண்டடியில் தீட்டிய நேர்க்கோடு ஒன்பதடியிலும் செல்லும். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் சிறுவனாக இருந்தபோது மேசை எட்டாமல் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று ஆடியவர். இன்னொரு பந்தின் பின்னால் ஒளிந்திருக்கும் பந்தைக் குஷன் வழியே தேடிப் பிடிப்பதில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கடினம். அந்தக் கலைக்கு அகலம் வேண்டும். குஷனுக்குக் குஷன் போய்த் திரும்ப இடம் வேண்டும்.

ஏழடி மேசை அமெரிக்க மதுக்கடைகளிலும் அமெச்சூர் லீக்குகளிலும் வளர்ந்தது. காசு போட்டு ஆடும் பெட்டி மேசை அது. ஒரு மூலையில் அடங்கும், சுற்றி நின்று நாலு பேர் பார்க்கலாம். பாக்கெட்டில் விழுந்த நிறப் பந்துகளை உள்ளேயே வைத்துக்கொண்டு வெள்ளைப் பந்தை மட்டும் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக, அந்த மேசைகள் பலவற்றில் வெள்ளைப் பந்தைச் சற்றுப் பெரிதாக்கினார்கள், அல்லது காந்தத்துக்கு அகப்படும்படி செய்தார்கள். எடை மாறியதும் அது திரும்பும் விதமும் மாறியது. அதில் தேறியவர்களுக்குத் தனிக் கைப்பக்குவம் வந்தது. எட்டடி, வீட்டுக் கூடத்துக்கு ஏற்றது, நடுவில் நிற்பது. சீனாவில் இன்னொரு கலப்பு பிறந்தது: ஒன்பதடி மேசை, எயிட்பால் பந்துகள், பாக்கெட் மட்டும் ஸ்நூக்கரைப் போல உருண்டை வாய். மேசை தாராளம், வாய் கண்டிப்பு. இரண்டு குணத்தையும் ஒரே ஆளிடம் கேட்கும் மேசை அது.

அளவை வைத்துப் பெருமையைத் தீர்மானிப்பது எவ்வளவு வம்பு என்பதற்கு ஒரு சாதனையே சாட்சி. 1954-இல் வில்லி மோஸ்கோனி ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ச்சியாக 526 பந்துகளைத் தவறாமல் போட்டார். மேசை எட்டடி. ‘ஒன்பதடியாக இருந்தால்?’ என்ற கேள்வி அந்த எண்ணைவிட்டு விலகவே இல்லை. 65 ஆண்டுகள் கழித்து, 2019-இல் ஜான் ஷ்மிட் ஒன்பதடி மேசையில் 626 போட்டார். எனக்கு இரண்டும் பெரிது. எட்டடியில் 526 முறை வெள்ளைப் பந்து நெரிசலுக்குள் போய், எதிலும் சிக்காமல், அடுத்த பந்துக்கு நேராக வந்து நின்றிருக்கிறது. நீளம் குறைந்ததால் அவருக்குக் கிடைத்த சலுகையை நெரிசல் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறது.

நெரிசலைப் பற்றிப் பேசினால் நம் கேரம் போர்டைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஊரில் பெரும்பாலோர் பழகிய மேசை அதுதான். போட்டிப் பலகை 74 சென்டிமீட்டர் சதுரம், காய்கள் 19. மேலே சொன்ன ஏக்கர் கணக்கைப் போட்டால் காய்கள் சுமார் இரண்டே முக்கால் செண்டை அடைத்துக்கொள்கின்றன. ஏழடி மேசையையும் மிஞ்சும் நெரிசல். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் விட்டம் 3.18-க்குள். அதாவது வாய் ஒன்றரைக் காய் அகலம்கூட இல்லை. ஸ்நூக்கர் பாக்கெட்டைவிடக் கண்டிப்பு. சின்னப் பலகை சுலபம் என்று சொல்கிறவர் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பலகையில்தான் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றார். இதே பலகையில்தான் வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய இளவழகி 2008-இல் பிரான்ஸில் உலக சாம்பியனானார். பன்னிரண்டடியில் முழங்கையும் தோளும் காட்டும் ஒழுங்கை இவர்கள் ஒரு விரல் நகத்தின் சுண்டலுக்குள் அடக்கிவிட்டார்கள்.

அதனால் பார்க்க நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. பன்னிரண்டடி மேசையில் ஆட்டக்காரரின் தலையைப் பாருங்கள். அடித்த பிறகும் அது எழாமல் இருந்தால் அவர் தேர்ந்த ஆள். ஒன்பதடியில் விழுகிற பந்தைவிட்டு வெள்ளைப் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டுங்கள். அது எங்கே போய் நிற்கப்போகிறது என்று அடிக்கு முன்பே ஊகித்துப் பாருங்கள். ஏழடியில் பிரேக் முடிந்ததும் அவர் மேசையைச் சுற்றி நடக்கிற நடையைப் பாருங்கள். ஆட்டத்தின் பாதி அந்த நடையிலேயே நடந்துவிடுகிறது. கேரத்தில், கடைசி மூன்று காய்களில் எதை அவர் தொடாமல் விட்டுவைக்கிறார் என்று கவனியுங்கள்.

எது பிடிக்கும் என்று என்னைக் கேட்டால், பார்ப்பதற்குப் பன்னிரண்டடி, ஆடுவதற்கு ஏழடி. நீளமான சிவப்புப் பந்து மேசையின் முழு நீளத்தையும் கடந்து, ஓரம் தொடாமல் பாக்கெட்டில் இறங்கும்போது எழும் அந்தச் சின்னச் சத்தத்துக்காக நான் எவ்வளவு நேரமும் நிற்பேன். ஆனால் கியூவை என் கையில் கொடுத்தால் சின்ன மேசைக்குத்தான் போவேன். காய் மேல் காய் நின்ற பலகையில் வழி தேடிப் பழகிய கை இது.

அன்று மதுரையில் பெரிய மேசையில் ஆடிய இருவரில் மூத்தவர், கொஞ்ச நேரம் கழித்து ஏழடி மேசைக்கு வந்தார். வந்ததும் குனிந்து அடிக்கவில்லை. ஒரு முறை மேசையைச் சுற்றி வந்தார், ஓரத்தில் கை வைத்து நீளத்தைப் பார்த்தார், பாக்கெட் வாயில் ஒரு பந்தை வைத்து எடுத்தார். பிறகுதான் கியூ நுனியில் சாக் தடவினார். தை மூன்றாம் நாள் விடியலில், காளையைக் கயிற்றோடு நிறுத்திவிட்டு வாடிக்கு முன்னால் கிடக்கும் இடத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வருகிற எங்கள் ஊர்க்காரர் எனக்கு நினைவுக்கு வந்தார்.