உசாத்துணை நூலிற் குன்றக் கூறல்: கணினி மொழிகளின் கோப்பு வாசிப்புப் பகுதி பற்றிய ஒரு திறனாய்வு

நூல்களை அவை பயிலப்படும் முறைபற்றி இருவகையாகப் பிரித்தல் கூடும். ஒன்று முதலிலிருந்து இறுதிவரை முறையாகக் கற்கப்படுவது. மற்றையது வேண்டியபோது வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்க்கப்படுவது. எம் முன்னோர் நிகண்டுகளைச் செய்யுளாக யாத்துச் சிறுவரை மனனஞ் செய்வித்தனர். நூல் முழுவதும் நெஞ்சிற் பதிந்தவனுக்கு ஒரு செய்யுள் கூறாது விட்டதனை மற்றொரு செய்யுள் நினைவூட்டும். ஐயம் எழுந்துழி அதனை நீக்க ஆசிரியர் அருகில் இருந்தார். வீரமாமுனிவர் 1732இற் சதுரகராதியை இயற்றினார். யாழ்ப்பாணத்து அகராதி 1842இல் அச்சேறியது. இத்தகைய அகராதிகள் வழக்கில் வந்தபின்னர் வேறொரு வாசகன் தோன்றினான். அவன் ஒரு சொல்லைத் தேடி வருகின்றான். அச்சொல்லுக்குரிய பதிவை மட்டும் வாசிக்கின்றான். நூலை மூடிவிட்டுத் தன் கருமத்தைப் பார்க்கப் போகின்றான். அவனுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆகவே, அப்பதிவு ஒன்றே அவனுக்குப் போதியதாதல் வேண்டும்.

கணினி மொழிகளுக்கு எழுதப்படும் ஆவணங்களும் இவ்விரு வகையினவே. கற்கத் தொடங்குவோனுக்குப் பாடநூலும், தொழில் செய்வோனுக்கு உசாத்துணை நூலும் உள. உசாத்துணை நூலை நன்னூலார் வகுத்த நூற்குற்றங்களைக் கொண்டு நோக்கின், அதன்கண் மிகுதியாகக் காணப்படுவது குன்றக் கூறல் என்னும் குற்றமே என்பது எமது கருத்து. ஒரு கருவி யாது செய்யும் என்பதை அந்நூல்கள் செவ்வனே கூறுகின்றன. அக்கருவி எவ்விடத்திற் பயன்படாது, எவ்விடத்திற் கேடு செய்யும் என்பதை அவ்விடத்திலேயே கூறாது விடுகின்றன. இதனைச் சீ, பைதன் என்னும் இரு மொழிகளின் கோப்பு வாசிப்புப் பகுதியைக்கொண்டு நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பகுதியைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. செய்நிரல் தனக்குள்ளே கணக்கிடும்வரை அதன் உலகம் அதனால் வகுக்கப்பட்டதே. கோப்பொன்றை வாசிக்கத் தொடங்கும்போதோ, பிறர் எழுதியது, எவ்வளவு நீண்டது என அறியப்படாதது, எவ்வெழுத்துமுறையில் அமைந்தது எனத் தெரியாதது ஒன்றை அது ஏற்கவேண்டியதாகின்றது. பதிவிற் சொல்லாது விட்டவை யாவும் இவ்விடத்தில் வெளிப்படும்.

முதற்கண் சீ மொழியை எடுத்துக்கொள்வோம். அம்மொழி பிறந்த யுனிக்ஸ் முறைமையின் கைந்நூலைக் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதியிட்டு வெளியிட்டனர். ஒவ்வொரு பதிவையும் பெயர், வழங்கும் முறை, விளக்கம் எனத் தலைப்பிட்டுப் பகுத்து, இறுதியிற் குறைகள் என ஒரு தலைப்பையும் அவர்கள் அமைத்தனர். தாம் செய்த பொருளின் குறையைத் தாமே அதன் பதிவில் எழுதிவைக்கும் இந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும், தலைப்பு உண்டு என்பதனால் அதன்கீழ் எழுதவேண்டியது எழுதப்பட்டது என்று கொள்ளலாகாது.

கெற்ஸ் என்னும் சார்பு இதற்குச் சான்றாகும். உள்ளீட்டிலிருந்து ஒரு வரியை வாசித்து, அழைப்பவன் ஒதுக்கிய இடத்தில் வைப்பது அதன் தொழில். அவ்விடம் எவ்வளவு பெரிதென அச்சார்புக்குத் தெரியாது. தெரிவிக்க வழியும் இல்லை. வரி நீண்டதாயின் ஒதுக்கிய இடத்தைக் கடந்து அயலிலுள்ள நினைவகத்தின்மேல் எழுதிவிடும். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கைந்நூல் இச்சார்பின் குறையாகக் கூறுவது யாது? வரியின் இறுதிக்குறியைக் கெற்ஸ் நீக்கிவிடும், அதன் இனமாகிய எவ்கெற்ஸ் நீக்காது வைத்திருக்கும், பழமையோடு பொருந்துதற்பொருட்டே இவ்வேறுபாடு என்பதே. சிறு குறை கூறப்பட்டது. பெருங் குறை கூறப்படவில்லை.

இதன் விளைவு 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி வெளிப்பட்டது. மொறிஸ் புழு என வழங்கும் செய்நிரல் அன்று இணையத்திற் பரவியது. அது கையாண்ட வழிகள் சில. அவற்றுள் ஒன்று, பிங்கர் என்னும் சேவையை நடத்திய செய்நிரல் கெற்ஸ் சார்பைக் கொண்டு உள்ளீட்டை வாசித்தமையாகும். 512 பைற்று கொள்ளத்தக்க இடத்துக்கு 536 பைற்று அனுப்பப்பட்டது. மிகுந்த 24 பைற்றுக்கள் அக்கணினியின் கட்டுப்பாட்டைப் பறித்தன. சார்பின் அமைப்பே முதற் குற்றம் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், அமைப்பிலுள்ள குற்றத்தை அமைத்தோரால் மாற்ற இயலாதபோது, பயன்படுத்துவோரைக் காக்கவல்லது பதிவு ஒன்றே. அதன் பின்னரும் 1989ஆம் ஆண்டு நியமத்தில் கெற்ஸ் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டு நியமத்திலேயே அது நீக்கப்பட்டது. இக்காலத்து லினக்ஸ் கைந்நூலில் அதன் விளக்கம், இச்சார்பை ஒருபோதும் கையாளற்க என்னும் பொருள்படத் தொடங்குகின்றது. எச்சரிக்கை பதிவின் இறுதியிலிருந்து அதன் தலைக்கு ஏறிவிட்டது. அவ்விடமே அதற்குரிய இடம்.

இனிப் பைதன் மொழிக்கு வருவோம். எம் நாட்டுக் கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவர் அறிந்த மொழி இது. இதன் ஆவணங்கள் பெரிதும் தெளிவாக எழுதப்பட்டவை. பாடநூலும் உசாத்துணை நூலும் தனித்தனியே அமைந்தவை. குறையும் அப்பிரிவினையிலேயே தோன்றுகின்றது. பாடநூல் ஆசிரியர் மாணவனை அருகிருத்திப் பேசுவதுபோற் பேசுகின்றார்: றீட் என்பதற்கு அளவு கூறாவிடிற் கோப்பு முழுவதும் நினைவகத்துக்கு வரும், கோப்பு நினைவகத்தின் இருமடங்காயின் அது உன் பாடு என நகைச்சுவையோடு எச்சரிக்கின்றார். வெற்று வரி வந்தால் இறுதிக்குறி மட்டும் கிடைக்கும், கோப்பு முடிந்தால் வெறுமையான சரம் கிடைக்கும், ஆதலின் இரண்டும் மயங்கா எனவும் விளக்குகின்றார். உசாத்துணை நூலில் றீட் என்னும் பதிவோ, அளவு கூறாவிடின் இறுதிவரை வாசிக்கும் என்பதோடு அமைகின்றது. நினைவகம் பற்றிய சொல் அங்கு இல்லை. எச்சரிக்கை ஒரு நூலிலும், அஃது வேண்டப்படும் இடம் மற்றொரு நூலிலும் இருக்கின்றன. பாடநூலைப் பல ஆண்டுகளின் முன் வாசித்து மறந்தவனே உசாத்துணையைத் தேடுபவன் என்பதை நினைந்தால் இவ்வமைப்பின் பொருந்தாமை புலனாகும்.

அடுத்தது அளவு பற்றியது. மூன்றாம் வரிசைப் பைதனின் முற்பட்ட பாடநூல், றீட் என்பதற்குக் கொடுக்கும் எண்ணைப் பைற்றுக்களின் எண் என்றே கூறிற்று. பின்னர் அது திருத்தப்பட்டு, உரைமுறையில் எழுத்துக்களின் எண், துவித முறையிற் பைற்றுக்களின் எண் என வேறுபடுத்தப்பட்டது. நற்றிருத்தமே. ஆயினும், ஈண்டு எழுத்து எனப்படுவது யாது? தமிழ் என்னும் சொல்லை நோக்குக. எம் இலக்கணப்படி அது மூன்றெழுத்து. ஒருங்குறிப்படி தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்கள். யூ.ரி.எவ்-8 என்னும் முறையிற் கோப்பில் எழுதப்படும்போது, ஒவ்வொரு குறியெண்ணும் மும்மூன்று பைற்றாகப் பதினைந்து பைற்றுக்கள். றீட் எண்ணுவது இவற்றுள் நடுவண் நின்ற ஐந்தையே. நான்கு எழுத்து வாசிக்க எனப் பணித்தாற் புள்ளி கழிந்து ‘தமிழ’ என்பது கிடைக்கும், மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆங்கில எடுத்துக்காட்டு ஒன்றே காட்டப்படுமிடத்து மூன்று எண்ணும் ஒன்றாகவே இருத்தலின் இவ்வேறுபாடு எவர் கண்ணுக்கும் தோன்றாது. இது மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற் படும்.

மூன்றாவதே மிகவும் இன்றியமையாதது. கோப்பைத் திறக்கும் ஓப்பன் என்னும் சார்புக்கு எழுத்துமுறை கூறாவிடின், இயங்கும் கணினியின் வழக்கத்தைப் பொறுத்து அது அமையும் என, 3.14 வரையிலான பதிப்புக்களின் பதிவு கூறிற்று. கூற்று உண்மையே, விளைவு கூறப்படவில்லை. மேலை ஐரோப்பிய எழுத்துக்களுக்குரிய 1252 என்னும் குறித்தொகுதியை வழக்கமாகக் கொண்ட விண்டோஸ் கணினி ஒன்றில், யூ.ரி.எவ்-8 முறையில் எழுதிய தமிழ்க் கோப்பைத் திறப்போமாயின் யாது நிகழும்? புள்ளியின் மூன்றாம் பைற்றுக்கு அத்தொகுதியில் எழுத்து எதுவும் இல்லை. ஆகவே தமிழ் என்னும் சொல்லை வாசிக்கும்போது செய்நிரல் வழுக்காட்டி நின்றுவிடும். அரிசி என்னும் சொல்லிற் புள்ளி இல்லை. அதன் பதினைந்து பைற்றுக்களுக்கும் அத்தொகுதியில் எழுத்து உண்டு. எனவே வழு யாதும் காட்டப்படாது, பொருளற்ற பதினைந்து அயலெழுத்துக்கள் அமைதியாக உள்ளே வரும். நின்றுவிடும் செய்நிரல் பிழையை அறிவிக்கின்றது. அமைதியாகச் செல்வது பிழையைச் சேமித்து வைக்கின்றது. தமிழிற் புள்ளி பெறாத உரை அரிதாதலால் எமக்குப் பெரும்பாலும் அறிவிப்பாவது கிடைக்கும். பிரெஞ்சு மொழியாளனுக்கு அதுவுங் கிடைப்பது அரிது.

இது கற்பனையான இடர் அன்று. 2021இல் வெளியான 3.10ஆம் பதிப்பிலே, எழுத்துமுறை கூறாத இடங்களை வேண்டுவோர்க்கு எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அதற்கான முன்மொழிவு, மிகுதியாகப் பதிவிறக்கப்பட்ட 4000 பொதிகளுள் 489இன் அறிமுகக் கோப்புக்களில் ஆங்கிலமல்லாத எழுத்துக்கள் இருந்தன என்றும், யூ.ரி.எவ்-8 வழக்கமல்லாத கணினிகளில் 82 பொதிகளை மூலத்திலிருந்து நிறுவ இயலாதுபோயிற்று என்றும் கூறுகின்றது. அவற்றை எழுதியோர் தொழில் அறியாதவர் அல்லர். 3.15ஆம் பதிப்பு முதல் யூ.ரி.எவ்-8ஐயே வழக்கமாகக் கொள்வதெனப் பின்னர் முடிவு செய்யப்பட்டது. ஆயினும் பழைய பதிப்புக்கள் உலகெங்கும் நெடுங்காலம் வழங்கும். அவற்றின் பதிவுகளும் வாசிக்கப்படும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். ஒவ்வொரு பதிவிலும் எல்லா எச்சரிக்கையும் எழுதப் புகின் நூல் பெருத்து, மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்னும் குற்றங்கள் எய்தாவோ? எச்சரிக்கை மலிந்த நூலில் எச்சரிக்கையை எவரும் வாசியார் என்பதும் உண்மையே. இத்தடை வலியுடையது. எனினும், தொடர்ந்து கற்கப்படும் நூலுக்கு வகுத்த இலக்கணத்தைத் துண்டுதுண்டாக வாசிக்கப்படும் நூலுக்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. ஒரு பதிவை மட்டும் வாசிப்பவனுக்கு அங்குக் கூறப்படுவது முதன்முறையே கூறப்படுகின்றது. அன்றியும், வேண்டப்படுவது எல்லாவற்றையுங் கூறுதலன்று. தவறினாற் பொருள் அழியுமிடத்தைக் கூறுதல். அது ஒரு வாக்கியத்தில் அடங்கும். ஓப்பன் பதிவிலேயே இதற்கு நல்லுதாரணம் உண்டு. வாசிக்கவியலாத பைற்றுக்களைப் புறக்கணிக்குமாறு பணிக்கும் தெரிவை விளக்குமிடத்து, அதனாற் தரவு இழக்கப்படலாம் என ஆசிரியர் உடன் எழுதியுள்ளார். அச்சிறு வாக்கியத்தாற் பதிவு பெருக்கவில்லை, பயனே பெருகிற்று.

எனவே, கோப்பை வாசிக்கும் சார்பு எதுவாயினும் அதன் பதிவு நான்கு வினாக்களுக்கு விடை கூறுதல் வேண்டும் என்பது எமது துணிபு. அது எதனை அலகாகக் கொண்டு எண்ணுகின்றது? கோப்பு முடிந்தபோது எதனைத் தருகின்றது? உள்ளே வருவது எதிர்பார்த்ததிலும் பெரிதாயின் யாதாகும்? எழுத்துமுறை பொருந்தாவிடின் நின்றுவிடுமா, அமைதியாகச் செல்லுமா? இவ்வளவையின்படி றீட் என்பதன் பதிவைப் பின்வருமாறு எழுதலாம்: “கோப்பிலிருந்து, கொடுத்த எண்ணுக்கு மேற்படாத குறியெண்களை வாசித்து ஒரே சரமாகத் தரும். ஒரு குறியெண் ஓரெழுத்துக்குச் சமமாதல் வேண்டியதில்லை; தமிழ் என்பதில் ஐந்து குறியெண்கள் உள. எண் கொடாவிடின் எஞ்சிய முழுவதும் நினைவகத்துக்கு வரும். பெரிய கோப்பாயின் வரிவரியாக வாசிக்க. கோப்பு முடிந்திருப்பின் வெறுமையான சரம் கிடைக்கும். திறக்கும்போது பிழையான எழுத்துமுறை கூறப்பட்டிருப்பின் வழு எழலாம். எழாமற் பிழையான உரையுங் கிடைக்கலாம்.” ஐந்தாறு வரிகளில் நான்கு வினாவும் விடை பெற்றன.

இறுதியாக, எம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒன்று கூறவேண்டியுளது. பைதன் ஆவணங்கள் எவரும் குறை அறிவித்தற்கும் திருத்தம் முன்மொழிதற்கும் இடந்தருவன. ஆங்கிலம் ஒன்றையே வாசிக்கும் ஒருவனுக்கு அவற்றின் குறைகளுட் பல வாழ்நாள் முழுவதும் தோன்றா. புள்ளி ஒன்றினாற் செய்நிரல் நிற்பதையும், புள்ளி இன்மையால் நில்லாது பிழைபடுவதையும் காண்பவர் நாமே. காண்பவரே அவற்றை எழுதவும் உரியர். உசாத்துணை நூலைக் குறைவற ஆக்குதல் அதனை இயற்றியோரின் கடன் மட்டுமன்று. அதனிடம் உசாவிக் குறை கண்டவர் ஒவ்வொருவரின் கடனுமாகும்.