எந்த ஸ்விட்சைப் போட்டாலும் ஃபேன்தான்

குளியலறைக் கூரையில் பதிக்கும் ஃபேனும் வெப்ப விளக்கும் சேர்ந்த கருவி அமெரிக்க, கனடிய வீடுகளுக்குப் பழசு. 250 வாட் அகச்சிவப்பு விளக்கு இரண்டு, ஈரக் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று, சுவரில் தனித்தனி ஸ்விட்ச். மீதி விவரம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. விளக்கைப் போட்ட சில நொடிகளில் ஈரத் தோளில் சூடு இறங்கிவிடும். கதிர் நேராக உடம்பில் விழுவதால் அறைக் காற்று சூடாகும்வரை நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வாரக்கணக்கில் புழங்கினாலும் இந்தச் சுகம் அலுப்பதில்லை. அலுப்பூட்டுவது கூரைக்குள், வயர்களெல்லாம் வந்து சேரும் அந்தச் சின்னத் தகரப் பெட்டிதான்.

பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு இதை மாட்டும்போது ஒரு விசித்திரக் கோளாறு வருவதுண்டு. ஃபேன் ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் ஓடும். விளக்கு ஸ்விட்சைப் போட்டாலும் ஃபேன்தான் ஓடும். இரண்டையும் போட்டாலும் அதுவே. விளக்கு மட்டும் எரியாது. பழி முதலில் பல்ப் மேல் விழும். புது பல்ப் வாங்கி மாட்டினாலும் இருட்டு மாறாது.

காரணம் ஒரு வெள்ளை வயர். அமெரிக்காவில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ வெற்றுச் செம்போ எர்த். (கறுப்பை நியூட்ரலாகவே பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுக் கைகளுக்கு இது கண்ணிவெடி.) ஆனால் பழைய வீடுகளில் மின்சாரம் முதலில் கூரைக்கு வந்து, அங்கிருந்து ஸ்விட்சுக்கு இறங்கித் திரும்பும். இறங்கும் கேபிளில் இருப்பதே இரண்டு வயர், அதிலொன்று வெள்ளை. ஆக அந்த வெள்ளை நியூட்ரலே அல்ல. ஸ்விட்சுக்குப் போகும் ஃபேஸ், அல்லது அங்கிருந்து ஃபேனுக்குத் திரும்பும் ஃபேஸ். அதன் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருக்க வேண்டும். சுற்றியவர்கள் குறைவு.

ஃபேனுக்குத் திரும்பும் அந்த வெள்ளையை நியூட்ரல் என்று நம்பி, விளக்கின் வெள்ளையை அதோடு முறுக்கிவிட்டால், விளக்கும் ஃபேனும் தொடர் இணைப்பில் மாட்டிக்கொள்ளும். 120 வோல்ட்டில் எரியும் 250 வாட் விளக்கின் மின்தடை 57.6 ஓம். எரியாமல் குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஃபேன் இழுப்பதோ ஒரு ஆம்பியருக்கும் குறைவு. அந்தச் சொற்ப மின்னோட்டத்தில் இழை சூடேறவே சூடேறாது; விளக்கு வெறும் வயர் துண்டாக நின்று ஃபேனை ஓட்டிவிடும். இரண்டு ஸ்விட்சையும் போட்டால் விளக்கின் இரு முனையிலும் ஒரே ஃபேஸ், நடுவே மின்னழுத்த வேறுபாடு பூஜ்யம். எரியாத பல்ப் இங்கே குற்றவாளியல்ல, சாட்சி.

கண்டுபிடிக்க முதல் வேலை பிரேக்கரை இறக்குவது. ஃபேனுக்கும் விளக்குக்கும் வெவ்வேறு பிரேக்கர் இருக்கலாம் என்பதால் டெஸ்டரை முதலில் உயிருள்ள பிளக்கில் சோதித்துவிட்டு, அதன்பின் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். முறுக்குகளைப் பிரித்து, நுனிகளை விலக்கி மூடியபின் பிரேக்கரை ஏற்றினால், வீட்டிலிருந்து வரும் கேபிள் மட்டும் 120 வோல்ட் காட்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர் சில சமயம் எங்கும் இணைக்காத வயரிலும் 30, 40 வோல்ட் காட்டி மிரட்டும். அது பக்கத்து வயரிலிருந்து தொற்றிய பேய் வோல்ட்டேஜ். மீட்டரைக் குறைந்த உள்மின்தடையோடு வோல்ட் அளக்கும் நிலையில் வைத்தால் மறைந்துவிடும். மறுபடி பிரேக்கரை இறக்கி, மற்ற கேபிள்களில் ஓம் அளவில் வைத்து ஸ்விட்சைத் தட்டிப் பார்க்கலாம். தட்டத் தட்ட இணைப்பு வந்து போனால் அது ஸ்விட்ச் கேபிள். அதன் வெள்ளைக்கு அங்கேயே கறுப்பு டேப். விளக்கின் வெள்ளை, வீட்டு கேபிளின் வெள்ளையோடு சேர வேண்டும். அவ்வளவுதான். பிரித்த வயர் வெள்ளி நிறத்தில் இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். 1960களின் பிற்பாதி வீடுகளில் அது உண்டு, அதைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், ஃபேன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க, ஸ்விட்சைப் போட்ட கணமே பிரேக்கர் விழுவது. அங்கே ஸ்விட்ச் கேபிளின் வெள்ளையை நியூட்ரல் கூட்டத்திலும் கறுப்பை ஃபேஸ் கூட்டத்திலும் சேர்த்திருப்பார்கள். ஸ்விட்ச் நேரடி ஷார்ட் அடிக்கிறது.

விளக்கு எரிந்து, சில நிமிடத்தில் தானாக அணைந்து, ஆறியபின் மறுபடி எரிந்தால் வயரைத் தொட வேண்டாம். அது உள்ளிருக்கும் வெப்பக் காப்பு ஸ்விட்சின் வேலை. கருவி மேல் பரணில் பரப்பிய வெப்பத்தடுப்புப் பஞ்சு மூடியிருக்கும், அல்லது அனுமதித்ததைவிடப் பெரிய வாட் பல்ப் மாட்டியிருக்கும்.

கருவி இரண்டு வேலை பார்க்கிறது, வயர் பெட்டியோ ஒரு வேலைக்கே போதாத அளவு. சரியாக முறுக்கிய கொண்டைகளை உள்ளே திணித்து மூடியைத் திருகும்போது அதிலொன்று கழன்றுகொள்ளும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.