கதிர் சாயும் பொழுதும் கமராவின் கணக்கும்

முகில் விரைந்தோட, வானம் நிறம் மாறிச் செல்லும் டைம்லாப்ஸ் படங்கள் இன்று பெருகிவிட்டன. இவற்றை மதிப்பிடுவோர் பலர் கருவியின் நுட்பத்தைப் புகழ்வதோடு அமைந்துவிடுகின்றனர். ஆயின், ஒளி குறையக் குறைய எக்ஸ்போஷரை எவ்வளவு கூட்டுவது என்பது நுட்ப வினா மட்டுமன்று. பொழுதைப் பற்றிக் கலைஞன் கொண்ட கருத்து அதிலேயே வெளிப்பட்டுவிடுகின்றது.

நண்பகல் வெயிலுக்கும் நிலவற்ற இரவுக்கும் இடையே 20 ஸ்டொப்புக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. ஒரு ஸ்டொப் என்பது இரு மடங்கு; எனவே 20 ஸ்டொப் ஏறக்குறைய 10 இலட்சம் மடங்காகும். கல்முனைக் கரையில் ஞாயிறு செங்குத்தாக இறங்குவதுபோல் இறங்கும், அந்தி நீடிப்பதில்லை. மறைவுக்குப் பிந்திய முதல் இருபது நிமிடங்களில், மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப் என்னும் அளவில் ஒளி வீழ்கின்றது. வடபுல நாட்டுக் கைந்நூல்களை நம்பி வருபவன் இங்கே பின்தங்கிப்போவான்.

கமராவைத் தானாக அளக்கவிட்டால், ஒரு கொக்குக் கூட்டம் குறுக்கிட்டாலும் அளவு பிறழ்ந்து படம் மினுங்கும். துவாரத்தை ஒவ்வொரு முறையும் சுருக்கி விரித்தாலும் அது முன்னைய அளவுக்குச் சரியாகத் திரும்புவதில்லை. ஆதலின் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் மூன்றிலொரு ஸ்டொப்பாகக் கையால் மாற்றி, எழும் படிகளைப் பின்னர்க் கணினியிற் சமன்செய்வர்.

இச்சமன்செய்தல் மிகும்போதே கலை கெடுகின்றது. இழந்த ஒளி முழுவதையும் ஈடுசெய்துவிட்டால் இரவும் பகலின் வெளிச்சத்தோடு நிற்கும். விண்மீன்கள் தோன்றும், இருள் தோன்றாது. இப்பகுதி முஸ்லிம் ஊர்களில் இதனைச் சிறு பிழையெனல் இயலாது. இங்கு பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி, மேல்வானின் செம்மை மறைகையில் மஃரிப் நீங்கி இஷா தொடங்குகின்றது; செம்மைக்குப் பின் எஞ்சும் வெண்மையும் மறையவேண்டும் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. செம்மைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட நுண்ணிய வேறுபாட்டைச் சட்டமாகவே ஆய்ந்த ஒரு மரபின் வானத்தை, ஒரே பிரகாசத்தில் தேய்த்துக் காட்டும் படம் எதைக் காட்டுகின்றது? ஒளி வீழும் அளவில் இரண்டு மூன்று ஸ்டொப்பையேனும் ஈடுசெய்யாது விடுதல் வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1892, 1893 ஆம் ஆண்டுகளில் ரூவான் தேவாலய முகப்பை வரைந்தபோது, ஒளி மாறியதும் தூரிகையாற் சமன்செய்யவில்லை. வேறு துணியை எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. தொல்காப்பியம் நெய்தலுக்கு எற்பாட்டையும் மருதத்துக்கு வைகறை விடியலையும் உரிமையாக்கிற்று. கல்முனையிலோ கடல் கிழக்கே, வட்டைகள் மேற்கே. கதிர் கடலில் எழுந்து வயலில் மறைகின்றது. இலக்கணம் இடம் மாறிவிட்டதோ எனத் தோன்றலாம். கமராவோடு நின்று பார்த்தால் வேறு உண்மை புலப்படும். விடியலிற் கடலை நோக்கினால் கதிர் கண்ணெதிரே நிற்கும்; வானுக்கும் கரைவலைத் தோணிக்கும் உள்ள ஒளிவேறுபாட்டைக் கமரா தாங்காது, தோணி கருநிழலாகும். சாயும் பொழுதிற் கடலை நோக்கினாலோ கதிர் முதுகுப்புறம். நீரும் மணலும் தோணியும் ஒரே அளவுக்குள் அடங்கித் தம் நிறத்தோடு மெல்ல மங்கும். விடியலில் வட்டையை நோக்குபவனுக்கும் அவ்வாறே. தொல்காப்பியர் இதனை எண்ணி வகுத்தார் என்பது எமது வாதமன்று. ஆயினும் இக்கரையைப் படமெடுப்போர் அனைவரும் உதயத்தையே துரத்துவதும், எற்பாட்டுக் கடலை ஏறெடுத்தும் பாராமையும் வியப்புக்குரியன.