திரை போடாத ஜன்னல்

போர்க்காலக் கதைகளில் எனக்குப் பிடித்த கதாநாயகன் ஒரு தெருவிளக்குதான். ஊர் ஜெர்மனியின் தென்கோடியில், போடன் ஏரிக்கரையில் இருக்கும் கான்ஸ்டன்ஸ். அதன் பழைய நகரம் ரைன் நதிக்குத் தெற்கே, சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கனோடு சுவருக்குச் சுவர் ஒட்டிக் கிடக்கிறது. மேலே பறக்கிறவனுக்கு இரண்டும் ஒரே ஊர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி முழுக்க ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டியிருந்தபோது, இங்கே மட்டும் விளக்கை அணைக்காமல் விட்டார்களாம். வெளிச்சத்தைப் பார்த்த குண்டுவீச்சு விமானிகள் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் ஊர் என்று நினைத்து விலகிப் போனார்களாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரே ஒரு இடறல். 1940 நவம்பரிலிருந்து சுவிட்சர்லாந்தும் இருட்டடிப்பில்தான் இருந்தது. 1944 செப்டம்பரில்தான் அங்கே விளக்கு திரும்ப எரிந்தது. ஆக, இந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகியிருந்தால் கடைசிச் சில மாதங்களுக்குத்தான்.

எதிர்க்கரை ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் அப்போது செப்பலின், டோர்னியர் விமானத்தொழில் ஆலைகள் இருந்தன. 1944 ஏப்ரல் 27-28 இரவுக் குண்டுவீச்சில் அதன் பழைய நகரம் பெரும்பாலும் போயிற்று. கான்ஸ்டன்ஸோ தப்பியது; அங்கே 1388-இல் கட்டத் தொடங்கிய வணிகக் கிடங்கு இன்றும் படகுத்துறை ஓரம் நிற்கிறது: கீழே கல், மேலே மரம், தலையில் செங்குத்தான பெரிய ஓட்டுக்கூரை.

கான்ஸ்டன்ஸின் இதே சுவிஸ் எல்லையில்தான் 1939 நவம்பர் 8 இரவு கியோர்க் எல்சர் என்ற தச்சர் பிடிபட்டார். ம்யூனிக்கில் ஹிட்லருக்கு அவர் வைத்த குண்டு அப்போது வெடித்திருக்கவில்லை. சுவிஸ் மண்ணுக்குச் சில மீட்டர்களே பாக்கி.